பதினொரு வீட்டுச் சாவிகள்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களிடம் முதல் வாரத்திலேயே சொல்லியிருப்பார்கள்: குடியிருப்பவர்களைக் கூட்டு, திட்டத்தை விளக்கு, படம் எடு, கையெழுத்து வாங்கி வா. நானும் அப்படித்தான் செய்தேன். போடிநாயக்கனூரில் நான் நடத்திய ஒரு கூட்டத்தின் படம் இன்னும் என்னிடம் இருக்கிறது. நல்ல படம். முப்பத்தொரு பேர் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருக்கிறார்கள். சுவரில் புதிய அடுக்குமாடி வீடுகளின் வரைபடம். அதற்கு மேலே ஒரு கடிகாரம். மணி பதினொன்று பத்து.

அந்தக் கடிகாரத்தைப் பார்த்துப் புரிந்துகொள்ள எனக்கு ஆறு வாரம் ஆயிற்று. உங்களுக்கு அவ்வளவு நாள் ஆகக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன்.

வீட்டு வசதிப் பணிக்கு வருமுன் நான் ஒரு நாளிதழின் மாவட்டப் பதிப்பில் செய்தியாளராக இருந்தேன். அங்கே எனக்குத் தலைமையாக இருந்தவர் எந்தக் கூட்டப் படத்தை நீட்டினாலும் கேட்பது ஒரே கேள்விதான். "இதுல யாரும்மா இல்ல?" பதில் தெரியாவிட்டால் படத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். வேலை மாறியதும் அந்தக் கேள்வியை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன்.

காலனி ஊர் முடிந்து மலை தொடங்குகிற பக்கத்தில் இருந்தது. நான்கு வரிசை, நாற்பத்தெட்டு வீடுகள். எல்லாம் பழைய கான்கிரீட் கூரை. பூச்சு உதிர்ந்து உள்ளே கம்பி தெரிந்தது. ஏலக்காய் மூட்டை வந்த சாக்குகளைப் பிரித்துத் தைத்து, கூரைக்குக் கீழே நான்கு மூலையிலும் இழுத்துக் கட்டியிருந்தார்கள். உதிர்கிற பூச்சு சாக்கில் விழும். ஞாயிற்றுக்கிழமை அவிழ்த்துத் தட்டிவிட்டு மறுபடி கட்டுவார்கள். எந்த வீட்டுக்குள் போனாலும் ஏலக்காய் மணத்தது. தலைக்கு மேலே அரைக்கிலோ சிமெண்டுக் கட்டியும் தொங்கிக்கொண்டிருந்தது.

திட்டம் எளிமையானது. பழைய வீடுகளை இடித்துவிட்டு நான்கு கட்டடங்கள். ஒவ்வொன்றிலும் தரைத்தளமும் இரண்டு மாடியும், தளத்துக்கு நான்கு வீடு. யாருக்கு எந்த வீடு என்பது குலுக்கலில் முடிவாகும். அதோடு நாற்பத்தெட்டுக் குடும்பமும் சம்மதக் கடிதம் கொடுக்க வேண்டும். மாதக் கடைசிக்குள் கடிதங்கள் சேராவிட்டால் திட்டம் வேறு ஊருக்குப் போய்விடும். மழைக்காலம் அதற்கு முன்பே வந்துவிடும்.

கூட்டத்தில் ஒருவர்கூட மறுக்கவில்லை. கைதட்டினார்கள். ஆனால் கடிதம் என்று வந்தபோது இருபத்தெட்டு வீடுகள்தான் கொடுத்தன. இருபது வீடுகள் கொடுக்கவில்லை. காரணமும் சொல்லவில்லை. "பாப்போம் மேடம்" என்றார்கள். "சொல்றோம் மேடம்" என்றார்கள்.

அலுவலகத்தில் ஒரு பேச்சு இருந்தது, யாரோ தூண்டிவிடுகிறார்கள் என்று. மேலதிகாரியிடமிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்த நாளில், "சில குடும்பங்கள் வெளியார் தூண்டுதலின் பேரில் மறுக்கின்றன" என்று கோப்பில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். யார் தூண்டினார் என்று நான் விசாரிக்கவில்லை. நாளிதழில் இருந்தபோது இப்படி ஒரு வரியை அச்சுக்கு அனுப்பியிருக்க மாட்டேன். கோப்பை நிறையப் பேர் படிப்பதில்லை என்பதால் அதில் எதையும் எழுதலாம் என்று நினைக்காதீர்கள். படிக்க வேண்டிய ஒருவர் படிப்பார்.

அந்த வரியைப் பார்த்துவிட்டு எங்கள் உதவிப் பொறியாளர் தலையைச் சொறிந்தார். "கூரை இடியுற வீட்ட விட்டுட்டு வரமாட்டேன்னு சொல்ற ஜனத்த நான் பாத்ததில்ல மேடம். வேற என்னமோ இருக்கு. போய்க் கேளுங்க."

போனேன். பதினொரு மணிக்குத்தான் போனேன். இரண்டாவது வரிசையில் கால் ஒடிந்து வீட்டோடு இருந்த தங்கராசு என்பவர் வாசலில் உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, கூட்டத்துக்கு வந்து கைதட்டுனீங்க. கடிதம் ஏன் தரல?"

"கைதட்டச் சொன்னீங்க, தட்டுனேன். வீடு எம்பொண்டாட்டி பேருல இருக்கு. கடுதாசி அவதான தரணும்."

"அவங்க எங்க?"

மலையைக் கைகாட்டினார். "ஏலத் தோட்டத்துல காய் எடுக்கிறா. அங்க போயிக் கேளுங்க."

"எப்ப வருவாங்க?"

"நீங்க ஆபீச தொறக்கிறப்ப அவ காட்டுல நிப்பா. பூட்டுறப்ப மலையடி முந்தல்ல ஜீப்பு எறங்கிக்கிட்டு இருக்கும். நீங்களும் இந்த ஊருதான், அவளும் இந்த ஊருதான். ஆனா ரெண்டு பேரும் பாத்துக்கிறதுக்கு வழியே இல்ல பாத்துக்கங்க."

அன்று மாலை வீட்டுக்குப் போய் அந்தப் படத்தை எடுத்துப் பார்த்தேன். முப்பத்தொரு பேரில் ஆண்கள் இருந்தார்கள், வயதானவர்கள் இருந்தார்கள், ஊருக்குள்ளேயே வேலை பார்க்கிற சிலர் இருந்தார்கள். கடிதம் கொடுக்காத இருபது வீடுகளின் பெண்கள் ஒருவர்கூட இல்லை. இருபது பேரும் விடிவதற்குள் ஜீப்பில் ஏறி, கேரள எல்லையைத் தாண்டி ஏலக்காய்த் தோட்டங்களுக்குப் போகிறவர்கள். ஒரு ஜீப்பில் பதினொரு வீட்டுக்காரர்கள், இன்னொன்றில் ஒன்பது வீட்டுக்காரர்கள். தூண்டிவிட்டது யார் என்று தெரிந்துவிட்டது. கடிகாரம்.

மறுநாள் விடியும் முன் இரண்டாவது வரிசை முனையில் போய் நின்றேன். தங்கராசுவின் மனைவி பேச்சியம்மாள் ஜீப்பின் பின்கதவைப் பிடித்துக்கொண்டு ஆட்களை ஏற்றிக்கொண்டிருந்தாள். சேலைக்கு மேலே ஆண்பிள்ளைச் சட்டை, தலையில் துண்டு, கையில் தூக்குவாளி.

"வர்றதுன்னா வாங்க மேடம். ஆனா ஆபீசரு சீட்டுன்னு ஒன்னும் இங்க இல்ல. மொறைக்காரி எடம் காலியா இருக்கு, அதுல உக்காருங்க. தலைய மட்டும் குனிஞ்சுக்கங்க."

"மொறைக்காரின்னா?"

ஜீப்புக்குள் சிரிப்புச் சத்தம் எழுந்தது. ஓட்டுநர் செல்லப்பாண்டி ஹாரனை ஒரு தடவை அடித்துவிட்டுக் கிளம்பினார். எனக்குப் பதில் கிடைப்பதற்குள் பதினேழு கொண்டை ஊசி வளைவில் ஐந்தைத் தாண்டியிருந்தோம்.

அவர்கள் சொன்னதை அப்படியே தருகிறேன். பதினொரு வீடு, பதினொரு பெண்கள். மலைக்குப் போவது எப்போதும் பத்துப் பேர். தினமும் ஒருத்தி கீழே இருப்பாள். அது அவளுடைய முறை. பதினொரு வீட்டுச் சாவியும் ஒரே கயிற்றில் அவளிடம் இருக்கும். குழாயில் தண்ணீர் வந்தால் பதினொரு வீட்டுக் குடத்தையும் அவள் நிரப்புவாள். பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகளுக்குக் கதவைத் திறந்துவிடுவாள். படுத்திருப்பவர்களுக்கு மாத்திரை கொடுப்பாள். வரிசையின் நடுவில் உட்கார்ந்தால் பதினொரு வாசலும் கண்ணுக்குத் தெரியும். அந்த இடத்தை விட்டு அவளால் கூட்டத்துக்கு வர முடியாது. மறுநாள் முறை அடுத்தவளுக்கு. ஒன்பது வீட்டு ஜீப்பிலும் இதே ஏற்பாடுதான்.

"இப்ப குலுக்கிப் போட்டா என்னாகும்?" என்றாள் பேச்சியம்மாள். "நான் ஒன்னாங் கட்டடத்துல மாடியில. ஈஸ்வரி நாலாங் கட்டடத்துல கீழ. லெச்சுமி எங்கேயோ. மொறைக்காரி நாலு கட்டடத்துக்கும் ஓடிக்கிட்டே இருப்பாளா? எம்பிள்ள மூனாவது படிக்கிறா. நான் நெதம் வீட்ல இருந்தா அடுப்பு எரியாது. நெதம் மலைக்குப் போனா பிள்ள தெருவுல நிக்கும். இந்த மொறை ஒன்னுதான் மேடம் எங்களுக்கு. கூரைய சாக்கு தாங்கும். இத எது தாங்கும்?"

"இதை ஏன் என்கிட்ட சொல்லல?"

முன் இருக்கையிலிருந்த ஈஸ்வரி திரும்பாமலே சொன்னாள். "இதெல்லாம் ஒரு காரணம்னு ஆபீசுல எழுதுவாகளா? நீங்க படம் போட்டு, கலரடிச்சு, எல்லாம் முடிச்சுட்டு வந்தீக. எங்க வீட்டுச் சாவியப் பத்தி அதுல எங்க சொல்றது?"

"சரி. இப்ப கேக்குறேன். என்ன வேணும்?"

"எங்க ஜீப்புக்கு ஒரு கட்டடம். பதினோரு வீடு நாங்க. பன்னெண்டாவதுல யாரு வந்தாலும் சரி, குடிகாரப் பய மட்டும் வேணாம்" என்றாள் ஈஸ்வரி.

"அப்ப ஒம்புருசன எங்கடி வைக்கிறது?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். ஜீப்பே குலுங்கியது. செல்லப்பாண்டி, "வளைவுல சிரிக்க வைக்காதீகத்தா, வண்டி ஒருபக்கமா சாயுது" என்றார்.

"மாடி யாருக்கு, தரைத்தளம் யாருக்கு? அதுல சண்டை வராதா?"

"அது ஜீப்புல உக்கார்ற மாதிரிதான். வாந்தி எடுக்கிறவளுக்கு முன்னாடி. முட்டி வலிக்காரிக்குக் கதவோரம். எளவட்டம் எல்லாம் மடக்கிக்கிட்டு உள்ள. தெனம் இம்புட்டு மல ஏறுறவளுக்கு ரெண்டு மாடி என்ன மேடம் பெருசு?" என்றாள் பேச்சியம்மாள்.

மலை உச்சியில் போடிமெட்டில் இறங்கி, கீழே வந்த பஸ்ஸைப் பிடித்தேன். நாங்கள் மூன்று மாதம் யோசித்தும் விடை தெரியாமல் குலுக்கலுக்கு விட்ட, யாருக்கு எந்தத் தளம் என்ற பிரச்சினையை, இந்தப் பெண்கள் தினமும் அரை நிமிடத்தில், ஜீப்பின் பின்கதவு சாத்துவதற்குள் தீர்த்துக்கொண்டிருந்தார்கள்.

பொறியாளர் நான் சொன்னதை எல்லாம் கேட்டுக் குறித்துக்கொண்டார். பிறகு ஒரு வழி சொன்னார். குலுக்கல் இருக்கட்டும். இரண்டு ஜீப்புக்காரர்களும் ஆளுக்கொரு குழுவாக எடுக்கட்டும், எந்தக் கட்டடம் என்று. உள்ளே அவர்களே பிரித்துக்கொள்ளட்டும். மற்ற இருபத்தெட்டு வீட்டுக்கும் மீதியில் தனித்தனியாகக் குலுக்கலாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் மறுபடியும் கூட்டம் போட்டேன். இந்த முறை நாற்பத்தெட்டு வீட்டிலிருந்தும் ஆள் வந்தது. மற்ற இருபத்தெட்டுப் பேர் தகராறு செய்வார்கள் என்று பயந்தேன். ஊருக்குள் தையல் கடை வைத்திருந்தவர் எழுந்தார்.

"அவுக ஒன்னா இருந்தா நமக்கென்ன நட்டம்? விடியக்காலம் அடிக்கிற ஹாரன் சத்தம் ரெண்டு கட்டடத்தோட போயிருமில்ல."

எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். இனி வேண்டியது மேலதிகாரியின் ஒப்புதல். மாதக் கடைசி நாளில் அவரே வந்து குலுக்கலை நடத்துவதாக இருந்தது. ஜீப்புகள் இறங்கிய பிறகு, ஐந்தரை மணிக்கு வரும்படி எழுதிக் கேட்டிருந்தேன்.

அவர் நான்கு மணிக்கே வந்தார். ஆறு மணிக்குத் தேனியில் வேறு நிகழ்ச்சி. அன்று மதியம் மலையில் பெருமழை. செல்லப்பாண்டிக்கு அழைத்தால் தொடர்பு எல்லைக்கு வெளியே. மேலே ஒரு வளைவில் மரம் சாய்ந்து பாதை அடைபட்டிருப்பதாக பைக்கில் இறங்கி வந்த ஒருவர் சொன்னார்.

"ஆரம்பிச்சுடலாம்மா" என்றார் அதிகாரி. "வழக்கமான முறையிலேயே குலுக்குவோம். வராதவங்களுக்கு நாமளே சீட்டு எடுத்துடலாம். குழு, ஜீப்புன்னு ஆரம்பிச்சா நாளைக்கு எல்லாரும் கேப்பாங்க. அதோட இவங்க யாரோ தூண்டிவிட்டுத்தானே மறுக்கிறாங்க? நீங்கதானே எழுதியிருக்கீங்க."

கோப்பைத் திருப்பி என் கையெழுத்தைக் காட்டினார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன். விதியை எடுத்து அவரோடு வாதாடியிருக்கலாம். சுற்றி அறுபது பேர் நின்றார்கள். ஒரு அதிகாரியைக் கூட்டத்தின் நடுவே தோற்கடிக்க முயன்றால் அவர் தோற்க மாட்டார், கூட்டம்தான் தோற்கும். நல்லவராக இருந்தாலும் அப்படித்தான். பொறியாளரின் பேனாவை வாங்கினேன். அந்த வரியின் கீழே, "மேற்கண்டது விசாரிக்காமல் எழுதியது. தவறு. நீக்கப்படுகிறது" என்று எழுதிக் கையெழுத்தும் தேதியும் போட்டேன்.

"சார், ஒரு மணி நேரம் குடுங்க. ஒரு எடத்துல உக்காந்து பாருங்க. அதுக்கப்புறம் நீங்க சொல்றபடி செய்றேன்."

அவர் என்னைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டாவது வரிசையின் நடுவில் ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்தேன். அன்று முறை ஈஸ்வரிக்கு. அவளிடம் எதுவும் சொல்லி வைத்திருக்கவில்லை. சொல்லவும் நேரமில்லை. நாற்காலிக்குப் பக்கத்துப் படியில் சாவிக் கயிற்றோடு உட்கார்ந்திருந்தாள்.

நான்கேகாலுக்குப் பிள்ளைகள் வரத் தொடங்கினார்கள். நனைந்த சீருடையோடு ஒவ்வொருவராக வந்து, கையை நீட்டினார்கள். ஈஸ்வரி நிமிர்ந்து பார்க்காமலே விரலால் தடவிச் சரியான சாவியை எடுத்துக் கொடுத்தாள். "தலையத் தொவட்டு." "ஓந்தங்கச்சி எங்க?" "காயப் போட்ட துணிய உள்ள எடு." குழாயில் தண்ணீர் வந்தது. எழுந்துபோய்க் குடங்களைப் பிடித்தாள். பிடித்துக்கொண்டே, "அண்ணே, நாலரை ஆச்சு, வெள்ள மாத்திர" என்று குரல் கொடுத்தாள். தங்கராசு, "போட்டாச்சு போட்டாச்சு" என்றார். "போட்ட காயிதத்தக் காட்டுங்க" என்றாள். அவர் முணுமுணுத்துக்கொண்டே அப்போதுதான் மாத்திரையை எடுத்தார்.

அதிகாரி மெல்லக் கேட்டார். "இந்தப் பிள்ளைங்க எல்லாம் உங்க பிள்ளைங்களா?"

"இன்னைக்கு எல்லாம் எம்பிள்ளைகதான் சார்."

"நாளைக்கு?"

"நாளைக்கு மொறை லெச்சுமி."

சிறிது நேரம் கழித்துக் கவனித்தேன். இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கம் வரை ஒவ்வொரு வாசலாக விரலை அசைத்து எண்ணிக்கொண்டிருந்தார். எண்ணி முடித்ததும் போனை எடுத்து, தேனிக்கு வரத் தாமதமாகும் என்றார்.

ஜீப்புகள் வந்தபோது ஆறு மணி பத்து நிமிடம். பெண்கள் இடுப்பு வரை சேறு.

"மரத்தத் தள்ளுனது பூராம் நாங்கதான் சார்" என்றாள் பேச்சியம்மாள். "செல்லப்பாண்டியண்ணே ஹாரன் மட்டும் அடிச்சாரு."

"அதுக்கும் ஒரு ஆளு வேணுமில்ல" என்றார் செல்லப்பாண்டி.

எவர்சில்வர் குடத்தில் கையை விட்டுப் பேச்சியம்மாள் எடுத்த சீட்டில் மூன்றாம் கட்டடம் என்று இருந்தது. மற்ற ஜீப்புக்கு ஒன்றாம் கட்டடம். இருபது சம்மதக் கடிதங்களும் ஜீப்பின் பானெட்டின் மேல் வைத்துக் கையெழுத்தாயின. காய் எடுத்த கையின் கறை எல்லாக் கடிதத்திலும் பதிந்தது. அவற்றைத் திரும்ப எழுதி வாங்கலாமா என்று எங்கள் எழுத்தர் கேட்டார். வேண்டாம் என்று அதிகாரியே சொன்னார்.

இதை வெற்றிக் கதையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பேச்சியம்மாளை நான் வரைபடம் போடுவதற்கு முன்பு பார்த்திருந்தால், தளத்துக்கு ஒரு நீண்ட நடை போட்டு, எல்லாக் கதவும் அதில் திறக்கும்படி வரைந்திருக்கலாம். பொறியாளரே அப்படித்தான் சொன்னார், செலவும் பெரிதாக மாறாதாம். ஆனால் மாதக் கடைசியில் வரைபடத்தைத் தொட்டால் திட்டமே போய்விடும். அதனால் படிக்கட்டைச் சுற்றி நான்கு கதவு என்ற பழைய வரைபடப்படியே கட்டினார்கள். யார் பக்கத்தில் யார் என்பதை மட்டும் காப்பாற்ற முடிந்தது. ஒரு பதினொரு மணிக் கூட்டத்தின் விலை, நாற்பத்தெட்டு வீட்டிலும் சிமெண்டாக நின்றுவிட்டது. நீங்கள் யாரைச் சந்திக்கிறீர்கள் என்பதைவிட, எப்போது சந்திக்கிறீர்கள் என்பது முக்கியம். யாரைச் சந்திக்கப் போகிறீர்கள் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது.

ஓய்வு பெற்ற பிறகு ஒரு நாள் போடிக்கு வேறு வேலையாகப் போனவள், மூன்றாம் கட்டடத்துக்கும் போனேன். முதல் மாடியில், நான்கு கதவுகளுக்கு நடுவே, ஒரு சாக்கை விரித்துப் பேச்சியம்மாள் உட்கார்ந்திருந்தாள். கூரைக்குக் கீழே கட்டியிருந்த அதே சாக்கு. தையலைப் பார்த்ததும் தெரிந்தது.

"வாங்கக்கா" என்றாள். 'மேடம்' என்ற சொல் எப்போதோ போய்விட்டிருந்தது. "இங்கன உக்காந்தா நாலு கதவு தெரியும். எட்டிப் பாத்தா கீழ நாலு, நிமிந்து பாத்தா மேல பாதி. மிச்சத்தக் காதாலதான் பாக்கணும். எந்தக் கதவு எப்பிடிக் கத்தும்னு இப்ப எல்லாருக்கும் அத்துபடி."

"நடை போட்டிருந்தா நல்லா இருந்திருக்கும்" என்றேன்.

"இருந்திருக்கும்" என்றாள். சமாதானம் எதுவும் சொல்லவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது.

கீழே குழாய் சீறியது. பேச்சியம்மாள் எழுந்தாள். சாவிக் கயிற்றை என் கையில் வைத்தாள். "தண்ணி வந்துருச்சு. நீங்க இப்ப சோலி இல்லாமத்தான இருக்கீக? இத வச்சிருங்க, வெரசா வந்துர்றேன்."

சாக்கில் உட்கார்ந்தேன். பதினொரு சாவிகள் நான் நினைத்ததைவிடக் கனமாக இருந்தன. சற்று நேரத்தில் பள்ளிக்கூடப் பையோடு ஒரு பெண்குழந்தை படியேறி வந்தாள். கடைசிப் படியில் நின்று என்னைப் பார்த்தாள். இதற்கு முன் என்னைப் பார்த்ததில்லை.

"இன்னைக்கு மொறை யாரு?"

"நான்தான்" என்றேன்.

என்னையும் கயிற்றையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு கையை நீட்டினாள்.

"எட்டாம் நம்பர்."